ஏழு தண்ணீர்

ஈரத் துணியின் ஒரு முனையை இடது கையில் பிடித்து, மறுமுனையை வலது கையில் முறுக்கி, மறுபடி முறுக்கி, கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு ஓங்கி ஓர் உதறு உதறினான். சாட்டை சொடுக்கியது போல மொட்டைமாடி முழுக்கச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டாம் மாடிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அந்தத் துணி உங்களுக்கு என்னண்ணே பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. அதைக் கட்டியிருந்தவ பண்ணிட்டா."

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. சட்டைய எங்க கழட்டிப் போட்டோம்னுகூடத் தெரியாது. ஒரு வாரம் உங்ககிட்ட அனுப்பி வைக்கட்டுமா?"

"அனுப்பு. பீத்துணியில இருந்து ஆரம்பிப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவன் சிரிக்கவில்லை. கொடியில் தொங்கியவற்றை எண்ணினான். இருபத்து நான்கு. இரண்டு பழைய பருத்தி விரிப்புகளைக் கிழித்து, ஓரம் மடித்து அவன் மனைவி தைத்த சதுரங்கள். வெயிலில் பளிச்சென்று இருந்தன. இவ்வளவு வெள்ளையாகத் துவைத்தும் மகளின் இடுப்புக்குக் கீழே மட்டும் சிவப்பு ஏறிக்கொண்டே போனது அவனுக்குப் பிடிபடவில்லை.

பன்னிரண்டு நாளாக அந்தச் சிவப்பு. முதலில் கடையில் விற்கும் டயப்பரால் வந்தது என்றார் டாக்டர். களிம்பு கொடுத்து, இனிமேல் பருத்தித் துணி மட்டும் கட்டுங்கள் என்றார். அவனும் அப்படியே செய்தான். நாலு நாள் வாடியது போலிருந்த சிவப்பு ஐந்தாம் நாள் பொங்கிக்கொண்டு வந்தது. துணியைக் கழற்றும்போதெல்லாம் ஐந்து மாதக் குழந்தை கால்களை உதைத்து வீறிட்டது.

திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் பஸ் கண்டக்டர். காலை முதல் வண்டியில் ஏறினால் மதியம் ஒரு மணிக்கு இறங்குவாள். அவனுக்குப் பால் பண்ணையில் இரண்டு மணி ஷிப்ட். அவள் வாசலில் நுழைந்ததும் குழந்தையைக் கைமாற்றிவிட்டு அவன் கிளம்புவான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவளை இப்படி வளர்த்துவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதம் தலையணைக்குத் துணி கட்டிப் பழகியவன் அவன். ஒரு வாரம் அந்தத் தலையணை அரைநிர்வாணமாகவே கட்டிலில் கிடந்தது.

சிவப்பு கணக்கைக் கலைத்துவிட்டது. வெளியூரிலிருந்து மனைவியின் அக்கா வந்து இறங்கியிருந்தாள். குழந்தைக்குப் பெரியம்மா என்பதால், அவளைப் பற்றிப் பேசும்போது வீட்டில் எல்லோருக்குமே அவள் பெரியம்மாதான். வந்த கையோடு குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஆம்பள துவைக்கிற துணியில்ல. ஒரு வயசு வரைக்கும் இவ எங்கிட்ட இருக்கட்டும். நடக்க ஆரம்பிச்சதும் கொண்டாந்து விடுறேன்."

"நான் நல்லாத்தான் துவைக்கிறேன் அண்ணி."

"நல்லா துவைச்சா பிள்ளைக்கு ஏன் இப்படி வெந்து கிடக்கு?"

மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையின் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குச் சரியாயிட்டா நான் எதுக்குங்க அனுப்பப் போறேன்? சரியாகலியே," என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் ரயில். இன்று வெள்ளி. பெரியம்மாவின் பையில் குழந்தையின் சட்டைகள் மூன்று ஏற்கெனவே ஏறியிருந்தன.

வேறொருவனாக இருந்தால் கையைக் கழுவிவிட்டு ஒதுங்கியிருப்பான். வீட்டிலிருக்கும் நேரத்தில் எல்லாத் துணியும் அவன் பொறுப்பு என்பது அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அழுக்கைத் தேய்த்துத் தள்ளிவிட்டு உடனே பச்சைத் தண்ணீரில் முக்குவான். மூடிபோட்ட வாளியில் ஊற வைப்பான். பிறகு சோப்பு, கும்மல், இரண்டு தண்ணீரில் அலசல், பிழிதல். மூக்கைச் சுளித்ததில்லை. சிவப்பு வந்ததும் சோப்பை இரட்டிப்பாக்கினான். குறையவில்லை என்றதும் ஒரு கைப்பிடி சலவை சோடாவும் சேர்த்தான். விரல் நுனிகள் உரிந்தன. துணி மேலும் வெளுத்தது. குழந்தை மேலும் சிவந்தது.

மதியம் ஒன்றே காலுக்கு அவசர அவசரமாகச் சட்டையை மாட்டி, அலமாரியில் கைக்குக் கிடைத்த துண்டை இழுத்துப் பையில் திணித்துக்கொண்டு ஓடினான்.

பண்ணையில் அவன் வேலை பால் தொட்டிகளைக் கழுவுவது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான எஃகுத் தொட்டிகள். மேலே உள்ள வட்டத் துளை வழியாக இறங்க வேண்டும். அதில் நுழையும் உடம்பு அங்கே அவனுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. பதினாறு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறான். சேர்ந்த முதல் வாரத்தில், கழுவும் தூளை ஒரு கிண்ணம் போடச் சொன்னதற்கு ஒரு வாளி போட்டான். நுரை தொட்டியிலிருந்து வழிந்து, முற்றத்தைக் கடந்து, மேனேஜரின் காரைச் சக்கரம்வரை மூடியது. அன்றிலிருந்து அவன் பெயர் நுரை. சம்பள நாளில் கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது மட்டும் சொந்தப் பெயர் வெளியே வரும். அவனே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவான்.

அன்று மூன்றாம் தொட்டியை முடித்து வெளியே வந்தபோது பாலைச் சோதிக்கும் லேப் மேடம் கீழே காத்திருந்தார். தொட்டியிலிருந்து கடைசியாக வடிந்த தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, குப்பியிலிருந்து சோதனைத் திரவம் ஒரு சொட்டு விடுவது அவர் வழக்கம். தண்ணீர் ரோஸ் நிறமானால் கழுவிய தூள் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறாதவரை அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுப் பாலை விடமாட்டார்.

தண்ணீர் இலேசாக ரோஸ் ஆனது.

"இன்னொரு தண்ணி விடு, நுரை."

அவன் முகத்தைத் துடைக்கப் பையிலிருந்து துண்டை எடுத்தான். நாலு மூலையும் மடித்துத் தைத்த சதுரம் விரிந்தது.

மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது என்னய்யா, உன் பொண்ணோட உடுப்பா?"

"அவசரத்துல எடுத்துட்டேன் மேடம். துவைச்சதுதான்."

"சந்தேகமே வேணாம். சோப்பு வாசனை இங்க வரைக்கும் அடிக்குது."

துணியை மடிக்கப் போனவன் நின்றான். குழாயிலிருந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். பிறகு அதை அவர் கையில் கொடுத்தான்.

"இதுக்கு ஒரு சொட்டு விடுங்க மேடம்."

அவர் ஒரு கிண்ணத்தில் சுத்தத் தண்ணீர் ஊற்றித் துணியை முக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டு விட்டார். தொட்டித் தண்ணீர் காட்டியது இலேசான ரோஸ். இது பீட்ரூட்டை வெட்டிப் போட்டது போல ஆனது.

மேடம் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பதினாறு வருஷம் கழிச்சு உன் பேரைக் காப்பாத்திட்ட," என்றார் மேடம். "எத்தன தண்ணியில அலசுற?"

"ரெண்டு."

"தொட்டிக்கு?"

தொட்டிக்குக் கணக்கில்லை, ரோஸ் மறையும்வரை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

இடைவேளையில் டீ குடிக்கப் போகாமல் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் அந்த ஒற்றைத் துணியை அலசி, பிழிந்த நீரை மேடத்திடம் கொண்டுபோனான். மூன்றாவதிலும் ரோஸ். ஐந்தாவதில் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. ஏழாவதில்தான் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கிளம்பும்போது மேடம் ஒரு குட்டிக் குப்பியில் அந்தத் திரவத்தைப் பாதி நிரப்பி அவன் பையில் போட்டார்.

"பிழிஞ்ச தண்ணியில மட்டும் விடு. துணியில விடாத. பரண் மேல வை."

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கீழ்முற்றத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு மணிக்கு நின்றுவிடும். முற்றத்தில் துவைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். மூன்று மாடி ஏற்றி மொட்டைமாடியில்தான் துவைக்க வேண்டும். இருபத்து நான்கு துணியை இரண்டு பங்காகப் பிரித்து ஏழு தண்ணீரில் அலசினால் பங்குக்கு ஏழு வாளி, மொத்தம் பதினான்கு. இரண்டு கையிலும் இரண்டு வாளி, ஏழு நடை. நாலு வாளிக்கு மேல் பிடித்தால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். நின்றான். மறுபடி ஏறினான். மறுபடி வந்து நின்றான்.

"என்னப்பா, மாடியில நீச்சல் குளம் கட்றியா?" என்றார் முதல் மாடி வாத்தியார்.

"கட்டி முடிச்சதும் உங்களுக்குத்தான் சார் முதல் குளியல்."

"தண்ணி மிச்சம் வச்சாலே போதும்பா."

ஐந்தாவது நடையில் படியில் ஒரு வாளியை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, சிந்தியதை ஈடுகட்ட மறுபடி கீழே போனான். மொட்டைமாடிக் கதவருகில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியம்மா நின்றிருந்தாள். அவன் முதல் பங்கை அலசும்போது தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அஞ்சாச்சு. போதாதா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

அவன் ஒரு துணியை எடுத்து, ஒரு டப்பா மூடியில் பிழிந்து, ஒரு சொட்டு விட்டான். மூடியில் மெல்லிய ரோஸ் பரவியது.

"இது என்ன கண்கட்டு வித்தை?"

"உள்ள நிக்கிற சோப்பு அண்ணி. பிள்ளை ஒண்ணுக்குப் போனதும் இதுதான் அவ தோல்ல ஊறுது. நான்தான் போட்டேன். கைநிறையப் போட்டேன்."

அவள் மூடியையும் அவன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்து, ஈரத் துணியின் மறுமுனையைப் பிடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, பிழிவதில் அவள் கை அவன் கையைவிட உரம். துணி கிழிந்துவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்று முழுவதும் ஏழு தண்ணீர் கண்ட துணிகளை மட்டுமே கட்டினார்கள். நடுவில் ஒரு மணி நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விட்டார்கள். ஞாயிறு விடியலில் மறுபடி பதினான்கு வாளி. வரிசையில் வாத்தியார் தன் வாளியை ஒதுக்கி வைத்து அவனை முன்னால் விட்டார்.

பத்து மணிக்குப் பெரியம்மா குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் கிடத்தித் துணியை அவிழ்த்தாள். மனைவி பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். குழந்தை காலை உதைக்கவில்லை. பெரியம்மாவின் வளையலைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தது. தொடை இடுக்கில் சிவப்பு இன்னும் இருந்தது. ஆனால் ஓரங்கள் காய்ந்து மங்கியிருந்தன. புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை.

"அந்தக் குப்பியக் கொண்டாங்க," என்றாள் பெரியம்மா.

கொடியிலிருந்து அவளே ஒரு துணியைத் தேர்ந்தெடுத்து, அவளே நனைத்துப் பிழிந்து, அவளே சொட்டு விட்டாள். மூடியைச் சாய்த்துப் பார்த்தாள். நிறமே இல்லை. இன்னொரு துணி. அதிலும் இல்லை.

"நான் வந்த அன்னைக்கே சொன்னேன், துணியிலதான் கோளாறுன்னு," என்றாள்.

"நீ அவரைத்தானேக்கா சொன்ன," என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

பையைத் திறந்து மூன்று சட்டைகளையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். மூன்றாவதை வைக்கும்போது நீவி நீவி மடிக்கக் கொஞ்சம் நேரமானது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "சோப்பக் குறைங்க தம்பி, தண்ணியக் குறைக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை மனைவி நாலே முக்காலுக்குச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் இரண்டாம் மாடிக்காரி மேலே வந்து உட்கார்ந்துகொள்ள, அவன் பதினான்கு வாளி ஏற்றினான். மதியத்துக்குள் ஒன்பது துணி நனைந்தது. மேகமூட்டமாக இருந்ததால் நாலு துணி சரியாகக் காயவில்லை. அவற்றை அறைக்குள் நாற்காலி முதுகில் போட்டு வைத்தான். ஒன்று இருபதுக்கு மனைவி வந்தாள். கை கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் பஸ் பிடித்து வேலைக்குப் போனான்.