கோகிலாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு

தடுப்பூசி போட வந்த ஒரு பெண்ணை, என் அறியாமையை மறைப்பதற்காகத் திருப்பி அனுப்பினேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1. முகாம்

சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் மருத்துவராக இருந்தேன். ஓய்வு பெறும் ஆண்டில் ஆலையில் கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தது. நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த கோகிலா தன் ஃபைலை நீட்டினார்.

"எனக்கு லூபஸுங்க டாக்டர். மாத்திரையில நல்லாத்தான் இருக்கேன். போட்டுக்கலாமுங்களா?"

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் அது. ஊசி அதைக் கிளறிவிடுமோ என்று பயந்தேன். அவருடைய லூபஸுக்கு மருத்துவம் பார்க்கும் மூட்டுநோய் மருத்துவரின் எண் ஃபைலின் மேலேயே இருந்தது. வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லூபஸ். தடுப்பூசி கூடாது" என்று எழுதி முத்திரை வைத்தேன். எந்த ஊசி, எதுவரை, ஏன் என்று எழுதவில்லை.

"உன் நல்லதுக்குத்தான், அம்மணி."

"நீங்க சொன்னாச் சரிங்க."

2. மருத்துவமனை

இரண்டு ஆண்டு கழித்து அவருடைய கணவர் சண்முகம் என்னை அழைத்தார். கோகிலா ஃப்ளூ வந்து, நிமோனியாவாகி, ஐசியூவில் இருந்தார்.

"எந்த ஊசின்னாலும் உங்க சீட்டத்தான் காட்டுவாளுங்க. லேமினேட் பண்ணி வச்சிருக்கா."

"மூட்டு டாக்டர் போடச் சொல்லலையா?"

"சொன்னாருங்க. உங்க பேச்சத் தட்டவும் மனசில்ல, அவர எதுத்துப் பேசவும் மனசில்ல. போட்டுக்கிட்டேன்னு அவர்கிட்டப் பொய் சொல்லிப்போட்டா."

அந்த மருத்துவரைப் பார்த்தேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளைத்தான் பொதுவாகத் தவிர்ப்பார்களாம். மற்றவற்றைப் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளலாம், நோய் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து. ஒரு போனில் தெரிந்திருக்கும். ஊசி போட்டிருந்தால் நிமோனியா வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. அந்த வாய்ப்பைப் பறித்தவன் நான்.

3. கணபதி

கோகிலா வீடு திரும்பியபின், கணபதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "தெரியாமத்தான் எழுதினேன், அம்மணி. தப்பு என்னோடது."

"தெரியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன, கோவிச்சுக்குவனுங்களா?"

மூட்டுநோய் மருத்துவரிடம் நானே கூட்டிப்போய், நடந்ததைச் சொன்னேன். நோய் அடங்கியதும் அவர் ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் போட்டார். கைவலி, ஒரு நாள் காய்ச்சல். லூபஸ் கிளர்ந்தெழவில்லை. நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. கோகிலா ஆலை வேலையை விட்டுவிட்டார்.

ஆலைக்குப் போய்ப் புதிய மருத்துவரிடமும் சொன்னேன். அந்த முகாமில் அதேபோல நான் திருப்பி அனுப்பியிருந்த வேறு இருவரையும் அவர் தேடிப் பிடித்தார்.

கோகிலா இப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் இருமலுக்கு நான் ஒரு கஷாயம் சொன்னாலும், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் குடிக்கிறேனுங்க" என்கிறார்.

அதுதான் சரி.