உப்புத் துண்டு

ஆரோக்கியமேரிக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில், கெடாமலிருக்க உப்பிட்டு வரும் பச்சைத் தோலிலிருந்து உப்பை உதறிப் போடும் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனால், "நல்லதாப் போச்சு, இடம் தாராளமாச்சு" என்பாள். அப்படிப்பட்ட வாய்க்காரி, எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, யார் எழுந்தது என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சில வாரங்களுக்கு முன் காட்டோரத்து ஆலங்காயம் போயிருந்தபோது, நாய்கள் குதறிப் போட்ட மான்குட்டி ஒன்றை மடியில் தூக்கி வந்து ஆட்டுப்பால் ஊட்டியவள் அவள். பிறகு காட்டிலாகாக்காரர்கள் அதை மலையடிவாரப் பூங்காவில் சேர்த்தார்கள். அடிபட்ட காட்டு மிருகங்களை வைத்துப் பார்க்கிற இடம் அது. புண் ஆறிவிட்டது. ஆனால் பூங்காக் காவலாளி கிருபானந்தம் அந்த வழி பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார்: "குட்டி தீனியைத் தொட மாட்டேங்குது. அந்தம்மாவ ஒரு தபா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

ஒரு தபா! அந்த வார்த்தைதான் அவளை பஸ் ஏற வைத்தது. சாகக் கிடப்பவர்களைத்தானே அப்படி வந்து பார்க்கச் சொல்வார்கள்? போதாததற்கு இன்னொரு பயம். செத்த தோலின் நாற்றத்துக்குக் குட்டி மிரண்டு விட்டால்? சீயக்காய், சோப்பு, எலுமிச்சம்பழம் என்று தேய்த்துத் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். அகத்திக்கீரையை மட்டும் அவசரத்தில், டேனரியில் தலைக்குக் கட்டும் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

கம்பிவேலிக்குள் குட்டி மூலையில் முடங்கிக் கிடந்தது. எலும்பும் தோலும்தான்.

"ராசாத்தி, நான்தாண்டி!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாண்ணா இது, செத்துருமா?" என்று பக்கத்தில் நின்ற கிருபானந்தத்திடம் கேட்டாள்.

"பதறாதம்மா. கீரைய நீட்டு."

முடிச்சை அவிழ்த்தாள். குட்டி மூக்கைத் தூக்கியது. தள்ளாடித் தள்ளாடி வந்து, கீரையை விட்டுவிட்டுத் துண்டை நக்கியது. நக்கி நக்கி, அதில் ஒட்டியிருந்த இலையையும் மெல்ல ஆரம்பித்தது. மாதாவே என்று அவள் அழுதே விட்டாள்.

"என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிச்சு, பாத்தியாண்ணா!"

கிருபானந்தம் துண்டை மோந்து பார்த்துச் சிரித்தார். "உன்னை இல்லம்மா, உப்பை. மானுக்கு உப்புன்னா உசுரு, எனக்குத்தான் தோணல. இனிமே உப்புக்கட்டி ஒண்ணு கட்டித் தொங்க விடுறேன். நீ வராத. மனுஷப் பழக்கம் ஜாஸ்தியானா காட்டுல விட முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்தக் கழுதைக்கு உப்பு மட்டும்தான் ஞாபகம்!

"அப்போ நான் இல்லாமயே பொழைச்சிக்கும்?"

"பொழைச்சிக்கும்மா."

"அது போதும்ண்ணா" என்று, குட்டி நக்கிய துண்டாலேயே கண்ணைத் துடைத்தாள். மிச்சமிருந்த உப்பு கண்ணில் பட்டு எரிந்தது. அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்சம் அழுதாள்.