மூட்டைக்கு ஒரு கை

மாரிசெல்வி கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். கழுகுமலைப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பம். வயது முப்பதை நெருங்கியும் கல்யாணப் பேச்சுக்குப் பிடி கொடுக்காமல், மூட்டை தூக்கிக்கொண்டும் கயிறு ஏறிக்கொண்டும் திரிகிறாள் என்று ஊருக்கு அவள்மேல் வருத்தம். எனக்கு ஊர்மேல்தான் வருத்தம்.

கோவில்பட்டியில் என் பழைய லாரி ஷெட்டைத்தான் நாங்கள் ஜிம் என்று சொல்லிக்கொள்கிறோம். தாவி ஏறுவதற்குத் தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப் போட்ட மரப்பெட்டி. தொங்குவதற்கு வெல்டிங் வைத்த இரும்புக் குழாய். தோளில் ஏற்ற, தார்ப்பாய்ப் பையில் அடைத்த கரிசல் மண். ஓட்டம், ஏற்றம், தூக்கு எல்லாவற்றையும் இடையில் ஓயாமல் செய்து முடிக்கிற ஒரு போட்டிக்குத்தான் அவள் இங்கே தயாராகிறாள். அதில் உச்சத்தில் இருக்கிற பெண்களை அவள் பஸ்ஸில் வரும்போதெல்லாம் போனில் பார்த்துக்கொண்டே வருவாள்.

"பெங்களூர் பைனல்ல ஒரே ஒரு தரம் மைக்குல எம்பேரக் கூப்பிடணும் அண்ணாச்சி. கடைசியா வந்தாலும் சரி" என்பாள்.

தகுதிச் சுற்றுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். இன்னொரு ஆள் கை படக்கூடாது. கடைசி நாள் சாயங்காலம் ஷெட் வாசலில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வேகத்தில் வந்தாள். பாக்கி ஒரே ஒரு மூட்டைதான். முழங்கால் வரை வந்து நழுவியது. மறுபடி கட்டிப் பிடித்து இடுப்புக்குக் கொண்டுவந்தாள். அதற்கு மேல் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்தா வெள்ளைத்தாய் வரவேண்டும்! அவள் மாரிசெல்வியின் சித்தி. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் போவாள். எங்கள் பக்கம் யாராவது சுமை தூக்கத் திணறினால், முன்பின் தெரியாதவர்கூட ஒரு கை போட்டுத் தூக்கிவிட்டுத்தான் நகருவார். பார்த்தும் பாராமல் போகிறவன் மனுஷனே இல்லை. நான் கத்துவதற்குள் வெள்ளைத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டாள். மூட்டை தோளில் ஏறிவிட்டது.

"பிள்ள ஒத்தையில கெடந்து சாகுதா, நீங்க நின்னு படம் பிடிக்கியளாக்கும்?" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். முந்தானையால் மாரிசெல்வியின் வேர்வையைத் துடைத்துவிட்டாள். "எதுக்கு ஏட்டி இந்தப் பாடு?"

"பெங்களூர் போட்டிக்கு சித்தி."

"நீ போயிருவ, பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாரிசெல்வி முதலிலிருந்து இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். உள்ளங்கை உரிந்திருந்தது, மூட்டை முழங்காலைத் தாண்டவில்லை.

"எடுத்ததையே அனுப்புவோம் தாயி. ஒரு கைதானே, ஓரமாத்தான் தெரியுது" என்றேன்.

"அந்தக் கை இல்லன்னா ஏறியிருக்காது அண்ணாச்சி. எனக்குத் தெரியும்லா."

மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்திகிட்ட மூச்சு விட்டுராதீங்க" என்றாள்.

பைனல் அன்று ஷெட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தால், வாசலில் வெள்ளைத்தாய்.

"ஏட்டி, நீ பெங்களூர் போகலியா?"

"இந்தத் தடவை கெடைக்கல சித்தி. அடுத்த வருசம் பாப்போம்."

வெள்ளைத்தாய்க்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போகுது விடு. அடுத்த வருசம் தூக்குற அன்னைக்கு முந்தியே சொல்லு, ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வாரேன். இந்தத் தடவ அவசரத்துல ஒரு கைதானே போட்டேன். அடுத்த தடவ ரெண்டு கையும் போட்டுத் தூக்கிவிடுதேன்."

மாரிசெல்வி போனை அணைத்தாள்.

"கட்டாயம் சொல்லுதேன் சித்தி" என்றாள்.