அக்கா தொப்பி போட்ட மாலை

சிவப்புத் தோல் இருக்கையின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டாயிரத்து மூன்று அல்லது நான்கு, கார்த்திகை மாதம். அவளோடு உடுப்புத் தொழிற்சாலையில் தைத்த பெண்கள், அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று மொன்ட்ரியாலின் பழைய மெக்சிக்கன் உணவகம் ஒன்றுக்கு எங்களைக் கூட்டிப் போயிருந்தார்கள். திறந்த நாளிலிருந்து சுவர்ப்பூச்சைக்கூட மாற்றாத இடம். பரிமாறிய கிழவர் ஒவ்வொரு தட்டையும் பிரெஞ்சில் மெதுவாக அறிமுகம் செய்துவைத்தார். கோழியின் மேல் ஊற்றியிருந்த கறுத்த குழம்பில் சொக்கிலேற் இருக்கிறதென்று கேட்டதும் அக்கா என் பக்கம் குனிந்தாள். "இவையளுக்கென்ன விசரே? கோழிக்கறிக்குள்ள ஆரும் சொக்கிலேற் போடுவினமோ?" பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

நானும் சாப்பிட்டேன் என்று பேர். அன்று பின்னேரம் நாலு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்திருந்தது. அம்மா போய்விட்டார். நகரின் லாசால் பகுதியில் அக்கா வீட்டு வாசலில் நின்றுதான் அதைக் கேட்டேன். உள்ளே அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு, இந்த வயதில் தனக்கொரு கொண்டாட்டமா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். கனடா வந்து பத்து வருடத்தில் தனக்கென்று அவள் வெளியே சாப்பிடப் போவது அதுதான் முதல் தடவை. எப்படிப் பறந்தாலும் அடுத்த நாள் செத்தவீட்டுக்குப் போய்ச்சேர முடியாது. சொன்னால் அவளுக்குப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. சாப்பிட்டு முடியட்டும், பேந்து சொல்லுவோம் என்று நானாகவே முடிவெடுத்தேன். பெரிய மனிதன் என்ற நினைப்பு.

அந்த உணவகத்தில் பிறந்தநாள்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிழவர் மணி அடித்தார். சமையலறையில் நின்றவர்களும் வெளியே வந்து பாடினார்கள். வண்டிச் சில்லளவு வைக்கோல் தொப்பியொன்றை அக்காவின் தலையில் கவிழ்த்தார்கள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள். யாரோ என்னிடம் கமராவைத் தந்தார்கள். நான் எழும்பி நின்று, இங்கே பார் அக்கா என்று சொல்லிப் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அவள் சேலையை மாற்றுமுன் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். எத்தனை மணிக்குப் போன் வந்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, அம்மாவின் படத்துக்குப் படைத்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நான் ஒண்டும் தெரியாமல் சிரிச்சன், அம்மா மன்னிப்பா. நீ தெரிஞ்சுகொண்டெல்லோ படம் எடுத்தனி."

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா இப்போது பக்கத்து நகரான லவாலில் மகளோடு இருக்கிறாள். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் தனக்கே போன் எடுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, வைத்த கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, மாமா செத்துப்போனார். கையைக் கழுவு."