வெள்ளிக்கிழமைச் சோறு

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாரும் வீட்டில் சோறு பொங்கக் கூடாது. கரங்கான் ஊரைத் தாண்டி முள்வேலிக்குள் இருந்தோம். அரிசி, காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் ஒரே கொட்டகையில் எல்லாருக்கும் சமையல். வெந்த சோற்றை ஒளித்து வைத்தால் ஊசிப்போகும் என்று அரசாங்கத்தின் புத்தி. சோறு போடும் வேலை எனக்கு.

நான் வேதக்காரன். ஞானஸ்நானம் வாங்கியவன், அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை பூசை வைக்க வந்த சாமியார், பாதையில் சுடுகிறார்கள் என்று வருவதை நிறுத்திவிட்டார். யாரும் அவரைத் தேடவில்லை. ஜெபம் சொன்ன வீடுகளில் சீட்டாடினார்கள். நானும் ஆடினேன். இவ்வளவு சீக்கிரம் விட முடிந்த ஒன்றை இத்தனை நாள் எதற்குப் பிடித்திருந்தோம் என்று யோசித்துக்கொண்டே ஆடினேன்.

ஒரே ஒருத்தி விடவில்லை. பால்மரம் வெட்டும் அக்கா, புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வரிசையில் வந்து, "எனக்கு வேணாம் தம்பி" என்று வெறும் தட்டோடு போவாள். அன்றைக்குத்தான் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த ரவிக்கை போட்டிருப்பாள்.

"பட்டினி கெடக்கிற நாள்ல என்னாக்கா சிங்காரம்?"

"பட்டினின்னு மூஞ்சில எழுதி ஒட்டிக்கணுமா? அது எனக்கும் ஆண்டவருக்கும். உனக்கு என்னா?"

அந்த எண்ணெய்தான் அவளைக் கெடுத்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொட்டகைக்கு வந்து அவளை நிறுத்தினார். சந்தேகப்படுகிறவர்களின் பெயரைச் சனிக்கிழமைதோறும் போலீசுக்கு அனுப்புகிறவர் அவர். பெயர் போனால் தடுப்பு முகாம். பிள்ளைகளை யாரும் கேட்க மாட்டார்கள்.

"மூணு வாரமா சோறு வேணாங்கிற. மூஞ்சி பளபளன்னு இருக்கு. வீட்ல எங்க அரிசி வச்சிருக்க?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஒருசந்தி நோன்பு கெட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு எரிச்சல் வந்தது. தொழிற்சங்கத்துப் பையன்கள் முன்னால் சாமி பூதம் எல்லாம் பொய் என்று பேசித் திரிந்தவன் நான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

"தபசு காலம் அய்யா. அக்கா ஒருசந்தி இருக்கு. நானும் வேதக்காரன், எனக்குத் தெரியும்."

கிராணி சிரித்தார். அவரும் கிறிஸ்துவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கால்சட்டை போட்டு டவுன் சர்ச்சுக்குப் போகிறவர்.

"எங்க சர்ச்சுல எவன்டா பட்டினி கெடக்கிறான்? அதெல்லாம் அந்தக் காலம். யார்கிட்ட கதை விடுற?"

காவலுக்கு நின்ற மலாய்க்காரருக்கு எங்கள் பேச்சு அரைகுறையாகப் புரியும். "புவாசாவா?" என்று கேட்டார். நோன்புக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர். நான் தலையாட்டினேன்.

"தண்ணி?"

"குடிக்கலாம்."

"தண்ணி குடிச்சா என்னா புவாசா லா இது?" என்றார். பிறகு அக்காவையே கேட்டார். "ராத்திரி சாப்பாடு?"

"கொஞ்சமா."

"சரி, புவாசாதான்."

அவரே போய் அவள் வீட்டைக் கிளறிப் பார்த்தார். கோப்பித்தூள் இருந்தது, அரிசி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் சட்டி கழுவும்வரை சாப்பிடாமல் தன் கண்முன் அவள் உட்காரட்டும், அதுவரை பெயர் போக வேண்டாம் என்று கிராணியிடம் சொன்னார். ஒரு மலாய்க்காரருக்குத் தெரிந்தது நம்மவருக்குத் தெரியவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு ஆத்திரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காவல்கூடத்துப் பெஞ்சில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்திருந்தாள்.

"அக்கா, சாமி கோழிக்கறி அனுப்புவாரா?" என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள்.

"வந்தா ஒனக்கு எலும்புகூட கெடையாது, போடா."

பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஊரே பாத்திருச்சே. இன்னும் எதுக்குக்கா?"

"பாத்ததுல பசி போயிருச்சா? இருக்குல்ல. அதக் குடுக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

சட்டி கழுவியதும் கிராணி வந்தார். பெஞ்சைப் பார்த்தார், பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைடா இது?"

"நீங்களும் கிறிஸ்துவர்தானே அய்யா, தெரியாதா?"

அவர் பட்டியலை மடித்துக்கொண்டு போனார். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேனே தவிர எனக்கும் தெரியாது. அக்காவிடம் போய்த்தான் கேட்டேன்.