பட்டியலிலிருந்து அக்காவை நீக்கிய விதம்

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு பதினாறு, உட்பிரிவு ஒன்று, கூறு ஆ. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதி வாய்ந்த நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தகுதியற்றவர். இதில் கனமான சொல் ‘சித்த சுவாதீனம்’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ‘நீதிமன்றம்’. டாக்டர் சொன்னால் போதாது. அண்டை வீட்டுக்காரர் சொன்னால் போதாது. உடன்பிறந்தவன் சொன்னாலும் போதாது. தேர்தல் பிரிவில் பதினோரு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். இந்தக் கூறு எனக்குத் தூக்கத்திலும் வரும். என் அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்த கோப்பில் என் கையெழுத்தும் இருந்தது.

எண்பதுகளில் நடந்த ஒரு தேர்தல். எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. பயத்தால் அல்ல. ஓய்வு பெற்றவனின் ஓய்வூதியத்தில் கைவைப்பதற்கும் ஒரு விதி இருக்கிறது, அதையும் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்சியை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது என்பதுதான் காரணம்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு இறங்கும் பெண்களில் ஒருத்தி. அவள் எடுத்த காயில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு நோய் கண்டது. தூங்க மாட்டாள். ஏலச்செடிக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லுவாள். நாங்கள் அவளைக் காலில் சங்கிலி போட்டு வைக்கும் ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டோம். நாங்கள் என்று எழுதுவது அலுவலக வழக்கம். விட்டது அப்பாவும் நானும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது நான், ஏனென்றால் வீட்டில் படித்தவன் நான். எட்டு மாதம் கழித்து அங்கிருந்து கூட்டிவந்து காட்டியபோது மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “வேலைக்கு அனுப்புங்க, இவங்க நல்லா இருப்பாங்க” என்றார். அப்படியே இருந்தாள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் தனியாகக் குடியிருந்து, மறுபடியும் மலையேறப் போனாள்.

அந்தத் தேர்தலில் எங்கள் பகுதிக்கு வந்த வேட்பாளர் நிறைய வாசித்தவர், நல்ல பேச்சாளர். அவருடைய நோட்டீசில் ‘நலத்திட்டங்கள்’ என்ற தலைப்பில் தையல் மிஷினுக்குக் கீழே ஊனமுற்றோர் இருந்தார்கள். அவர்களுக்கு மூன்று சக்கர வண்டி. எங்கள் தெருவோ கல்படிகளாக மேலேறும் தெரு, அதில் எந்தச் சக்கரமும் ஏறாது. வாக்குச்சாவடிக்கும் ஐந்து படி. படியைப் பற்றி நோட்டீசில் ஒன்றும் இல்லை. அடுத்த தலைப்பு ‘ஊர்த் தூய்மை’. அதில் மூன்று இனங்கள்: சாக்கடை, தெருநாய், மனநிலை சரியில்லாதோர். சாக்கடைக்கு மூடி. நாய்க்கு வண்டி. மூன்றாவது இனத்துக்கு மலையடிவாரத்தில் சுற்றுச்சுவரோடு கூடிய காப்பகம்.

எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்பவர்கள் வீடு வீடாகப் போவதில்லை. சீசனில் பகலில் தெருவே பூட்டிக் கிடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனால் ஒரே இடத்தில் இருநூறு பெண்களைப் பிடிக்கலாம். அவரும் வந்தார். நான் டீக்கடையில் இருந்தேன். அரசு ஊழியன் பிரசாரத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால், வெளிச்சம் போதாத இடத்தில் தினத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஜீப்பின் பின்பக்கம் பதினைந்து பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, காப்பகம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீகளே, அதுக்குள்ள போக யாரக் கேக்கணும்?”

“யாரையும் கேக்க வேணாம் தாயி. எல்லாம் இலவசம்.”

“சரி. வெளிய வர்றதுக்கு?”

வேட்பாளர் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பு டிரைவர்தான் முந்திக்கொண்டார்: “சாவி ஆரு மடியில இருக்கோ அவரத்தான்!” ஜீப்பு முழுக்கச் சிரிப்பு.

“வீட்டு ஆம்பளைக வந்து கையெழுத்துப் போட்டா விட்டுருவாக தாயி” என்றார் வேட்பாளர், சிரிப்பு அடங்குவதற்குள்.

“எங்க வீட்டு ஆம்பளை வெரசா கையெழுத்துப் போடுறவன்தான். ஆனா உள்ள தள்ளுறதுக்குத்தான் போடுவான்.” டீக்கடைப் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

வேட்பாளரின் பின்னால் நின்ற எங்கள் தெருக் கட்சி ஏஜென்ட் அவர் காதருகே குனிந்தான். காதில் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அது கொஞ்சம் லூசுண்ணே, விடுங்க.”

“லூசுதான் மாப்ளே” என்றாள் அக்கா. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, சங்கிலி அறுத்த தழும்பை வெளியே நீட்டினாள். “இதையும் இலவசமாத்தான் போட்டாக. அண்ணனுக்குக் காட்டுறேன், நல்லாப் பாத்துக்கச் சொல்லு.”

ஜீப்பு கிளம்பிவிட்டது. பட்டியலின் மீது ஆட்சேபணை தருவதற்கு அப்போது இன்னும் நாள் இருந்தது.

இனி எங்கள் அலுவலக நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஒருவர் பெயரை நீக்கச் சொல்லி மனு வந்தால், அந்த ஆளுக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும். கையில் கொடுக்க முடியாவிட்டால் சாட்சி முன்னிலையில் கதவில் ஒட்டலாம். மலைக்குப் போகும் பெண்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் பியூன் எல்லா நோட்டீசையும் கதவில்தான் ஒட்டுவார். மைதாப் பசை. மத்தியானத்துக்குள் தெரு ஆடுகள் பசையோடு சேர்த்து நோட்டீசைத் தின்றுவிடும். பிறகு பியூன் அலுவலகத்துக்கு வந்து நோட்டீஸ் நகல்களின் கட்டை என் முன்னால் வைப்பார். “சார், எல்லாம் ஒங்க தெருதான்.” நான் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான். ஒருவரும் கேட்டதில்லை, செத்தவர்களும் குடிபெயர்ந்தவர்களும் வந்து கேட்க மாட்டார்கள் அல்லவா.

அந்த ஆண்டுக் கட்டில் செத்தவர்களுக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கும் நடுவே அக்காவின் பெயரில் ஒரு தாள் இருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘சித்த சுவாதீனம் இல்லை’. கீழே ஏஜென்டின் கையெழுத்து. அதற்கு நீதிமன்ற ஆணையின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் தாளைப் புரட்டவே இல்லை. சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டு, கட்டின் மேல் ‘உத்தரவுக்காக’ என்று எழுதி மேலே அனுப்பினேன். ‘ஆஜராகவில்லை, நீக்கலாம்’ என்று உத்தரவு இறங்கியது.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு வாக்காளர் சீட்டு கொடுக்க வந்தவர்கள் அக்காவின் வீட்டைத் தாண்டிப் போனார்கள். மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்தேன்; அந்தத் தாள் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வேட்புமனுக் கடைசி நாள் முடிந்துவிட்டால் பட்டியலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. அது முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மாலையில் அக்கா இறங்கி வரும்வரை ஜீப்பு நிற்கும் இடத்தில் காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப என் கதவுல ஒட்டுனத நீ பாத்தியா?”

“இல்லக்கா.”

“பாக்காமயே பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்க.”

“ஆமா.”

“கேக்காத கொரலக் கேட்டேன்னு சொன்னதுக்கு என்னையச் சங்கிலியில போட்டீக. ஒனக்கு ஆபீசுல ஒரு மாத்திரைகூட எழுதிக் குடுக்கலையா?”

பதினோரு ஆண்டு தேர்தல் அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் சொன்னேன். சாவடிக்குப் போ. எந்தக் கோர்ட்டு உன்னை நீக்கியது என்று கேள். மூன்று முறை கேள். அதிகாரிகள் மூன்றாவது முறை வருவதைத்தான் எழுதுவார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கு ஒரு டைரி உண்டு, அதில் எழுதச் சொல்.

வாக்குப்பதிவு அன்று எனக்குத் தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் பணி. நடந்ததை வரிசையில் நின்ற பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன். அக்கா மலைக்குப் போகவில்லை. காலையில் முதல் ஆளாக நின்றாள். தலைமை அலுவலர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

“ஒங்க பேரு அடிச்சிருக்கும்மா.”

“எந்தக் கோர்ட்டு சார் அடிச்சது?”

“அதெல்லாம் இங்க கேக்கக் கூடாது.”

வெளியே வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பத்து மணிக்கு மறுபடி அதே கேள்வி. ஏஜென்ட் உள்ளிருந்து, “எக்கா, வீட்டுக்குப் போ, வெயிலு ஒனக்கு ஆகாது” என்றான். “எனக்கு ஆகாதது வெயிலு இல்லடா” என்றுவிட்டு மீண்டும் கடைசியில் போய் நின்றாள். போலீஸ்காரர் வரிசையிலிருந்து போகச் சொன்னபோது பின்னால் நின்ற பெண்கள், அவள் போனால் தாங்களும் போவதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை உள்ளே போனபோது வாத்தியார் பேனாவைத் திறந்தார். ‘நீக்கத்துக்கு ஆதாரமான நீதிமன்ற ஆணை எது என்று மேற்படியார் மூன்று முறை வினவினார். என்னிடம் விடை இல்லை’ என்று எழுதி, அவளுக்கு வாசித்தும் காட்டினார். அவர் பெயரை நான் இங்கே எழுதக் கூடாது. எழுத ஆசை.

வேட்பாளர் தோற்றார். ஜெயித்தவரின் நோட்டீசில் இருந்த காப்பகத்துக்குச் சுவர் இன்னும் உயரம்.

என் மேலதிகாரி நல்லவர். நான் விஷயத்தை எடுத்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஏன்யா கெளறுற? அக்காவப் புதுசாச் சேக்கச் சொல்லி ஒரு ஃபாரம் குடு. ஒரு மாசத்துல பேரு வந்துரும். ஒனக்கும் தொந்தரவு இல்ல.” உண்மைதான். நானும் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து அக்காவிடம் கொண்டுபோனேன்.

“புதுசாச் சேக்க நான் என்ன நேத்தா பொறந்தேன்? அடிச்சது தப்புன்னு எழுதித் தரச் சொல்லு.”

“அதுக்கு மேல்முறையீடு போகணும். ரொம்ப நாளாகும்.”

“ஆகட்டும். எட்டு மாசம் இருந்து பழக்கம் இருக்கு.”

நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பதினைந்து நாள் கெடு. அது கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க ஒரே வழிதான் உண்டு: நோட்டீஸ் அவளுக்குக் கிடைக்கவே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரே சாட்சி, நோட்டீஸ் ஒட்டியதைக் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன். இரண்டு முழுத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். நான் எதையும் பார்க்கவில்லை. எந்த ஆண்டும் பார்த்ததில்லை. நீதிமன்ற ஆணை இருக்கிறதா என்று சரிபார்க்காமல் கட்டை மேலே அனுப்பினேன். பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்ற விதியையும் கீழே குறிப்பிட்டேன். அவர்கள் தேடிக் கஷ்டப்பட வேண்டாம் என்று. மனுவில் அக்கா தானே கையெழுத்திட்டாள், என்னிடம் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு.

எனக்கு உடனே குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. என்னைத் தண்டிப்பதில் ஒரு தாமதமும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரும் நீங்கியது. அதற்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்தார்கள், கையிலேயே. அலுவலகத்தில் என்னோடு டீ குடிக்க வந்தவர்கள் குறைந்தார்கள். எஞ்சியவர்கள், “அக்காவோட சீக்கு தம்பிக்கும் ஒட்டிக்கிச்சோ” என்றார்கள். நான் மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அக்கா கையெழுத்திட்டாள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மேசையில் தூங்கியது. பிரிவு எழுத்தர் விடுப்பில் இருந்தார், திரும்பினார், மாற்றலானார். ஐந்தாவது நினைவூட்டில் நான் எழுதியதற்குக் கீழே, மனுவில் சேர்க்கக் கூடாத ஒரு வரியை அக்கா தன் கையாலேயே சேர்த்தாள்: ‘நான் மறக்க மாட்டேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.’ அடித்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. சீசன் தொடங்கிவிட்டதால் பகலில் வீட்டில் ஆள் இல்லை. தபால்காரர் விட்டுப்போன தகவல் சீட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் மலைக்குப் போகாமல் அக்காவே தபால் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்திட்டு வாங்கினாள். நான் வெளியே நின்றேன். ஒரே தாள். நீதிமன்ற அறிவிப்பு ஏதும் இல்லாத நிலையிலும், அறிவிப்பு முறைப்படி சேர்ப்பிக்கப்படாத நிலையிலும், மேற்படியாரின் பெயரை நீக்கியது தவறு. அந்த உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. ‘தவறு’ என்ற சொல்லை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது: ஆகஸ்டு பன்னிரண்டு. மனுப் போட்ட எட்டாவது மாதம்.