என் பகுதியில் நான் செய்த களப்பணி

நாற்பத்து மூன்றாவது வயதில் உலகளாவிய சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் படிக்கச் சேர்ந்தேன். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் பகுதிச் சுகாதாரப் பணியாளர்: வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி நாளை நினைவூட்டுவேன், கைக்குழந்தைகளை எடை போடுவேன், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் பார்ப்பேன். மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நகல் என்னிடம் இருக்கிறது. நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். நாற்பத்தாறு வயது முடிந்தால் எனக்கு அந்தக் கதவும் மூடிவிடும். ஆகவே வேலையை விடாமலே மாலை வகுப்பில் படித்தேன்.

வகுப்பில் எல்லோருக்கும் பத்தொன்பது வயது. முதல் மாதம் என்னை 'ஆன்ட்டி' என்றார்கள். வயிற்றுப்போக்குப் பாடத்தில் பேராசிரியர் உப்பையும் சர்க்கரையையும் இடம் மாற்றிச் சொன்னதைத் திருத்தினேன், அன்றிலிருந்து 'அக்கா'.

மூன்று ஆண்டுகளில் ஐந்து கண்டங்களின் நோய்களைப் படித்து முடித்தேன். கடைசியாக அறுபது நாள் களப்பணி. எந்தப் பகுதி என்பதைக் குலுக்கலில் எடுத்தார்கள். எனக்கு விழுந்தது நான் வேலை பார்க்கும் அதே ஏழாம் பகுதி.

"சார், இது என் ஏரியா."

"நல்லதாப் போச்சும்மா, வழி கேட்டு அலைய வேண்டாம்," என்றார் பேராசிரியர். அதை எழுத்தில் கேட்டேன். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

அலுவலகத்தில் அறுபது நாள் விடுப்பு எடுத்தேன். என் இடத்துக்குப் பதிலாள் ஒருத்தியை நியமித்து ஆணை வந்தது. விடுப்பில் போன நான் மறுநாளே மாணவியாக அதே தெருவில் நின்றேன்.

"ஏம்மா, லீவுன்னு சொன்னாங்களே?" என்றார் மூன்றாவது வீட்டுத் தையல்காரர்.

"லீவுதான். படிக்க வந்திருக்கேன்."

"என்னத்தப் படிக்கப் போற?"

"உங்களைத்தான்."

"அப்ப நல்ல மார்க் வராது, போ."

களப்பணிப் படிவத்தில் வாரந்தோறும் பகுதிப் பணியாளர் மதிப்பெண் போட்டுக் கையொப்பமிட வேண்டும். பதிலாளோ அந்தப் பக்கம் தலைகூடக் காட்டவில்லை. இருந்த ஒரே பணியாளர் நான். எனவே மாணவி, பணியாளர் என இரண்டு இடத்திலும் நானே கையொப்பமிட்டு, காரணத்தை விளக்கி நான்கு இணைப்புகளும் வைத்தேன். தேர்வுப் பிரிவில் நிறுத்திவைத்தார்கள். பதவிக்கு விண்ணப்பிக்க ஆறு நாட்களே மிச்சம்.

"மேடம், மாணவியும் நீங்க, மேற்பார்வையும் நீங்களா?" என்றார் எழுத்தர்.

"ஆமா."

"உங்களை நீங்களே எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?"

"கண்டிப்பாத்தான். மூணாவது வாரம் பாருங்க, பத்துக்கு நாலுதான் போட்டிருக்கேன்."

அவர் பார்த்தார். சிரிப்பை அடக்க இருமினார். "அந்தப் பதிலாள் கையெழுத்து இருந்தா இன்னைக்கே பாஸ், மேடம்."

"அவ வரவே இல்லைங்க."

"வந்தாங்களான்னு ஃபார்ம்ல எங்க கேட்டிருக்கு?"

வேலையைச் செய்தவளின் கையொப்பம் மோசடியாம். வராதவளின் கையொப்பம் சான்றாம். ஐந்து கண்டங்களில் இப்படி ஒரு நோயை நான் படித்ததில்லை. ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டேன். மறுநாள் புதுப் படிவத்தோடு பதிலாள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, உங்களை ஒருநாள்கூட நான் பார்க்கலையே. பார்க்காம எப்படிப் போடறது?"

"வருகைப் பதிவேட்டுல அறுபது நாள் போட்டிருக்கியே, அது எப்படி?" என்று நகலை நீட்டினேன்.

பேனா எங்கே என்று கேட்டாள். விறுவிறுவென்று எல்லாவற்றுக்கும் ஒன்பது, ஒன்பது என்று போட்டவள், நேரந்தவறாமைக்கு மட்டும் ஆறு போட்டாள்.

"இது என்னடி அநியாயம்?"

"எல்லாத்துலயும் நல்லவன்னா சந்தேகம் வரும்க்கா. எனக்கு இதுல அனுபவம் இருக்கு."

தேர்ச்சி பெற்றேன். கடைசி நாள் நான்கு மணிக்கு விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரி சான்றுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நேரந்தவறாமையில ஆறுதானா? மேற்பார்வையாளர் வேலைக்கு வர்றீங்க!"

ஒரு நாளும் தாமதமில்லாத இருபத்திரண்டு ஆண்டுகளின் வருகைப் பதிவு முழுவதும் என் பையில் இருந்தது. எடுத்தால் இந்தப் படிவம் பொய் என்றாகிவிடும்.

"அதுல மட்டும் நான் கொஞ்சம் மோசம், சார்," என்றேன்.

முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.